ஷிப்ட் அட்டவணையில் ஒரு லெஃப்ட் பேக்

கால்பந்து பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆஃப்சைடு என்றால் என்னவென்று கேட்டால் கையை ஆட்டி ஏதோ சொல்லிச் சமாளிப்பேன், அவ்வளவுதான். ஆனால் ஜப்பானின் ஐந்தாம் அடுக்கு லீக் ஒன்றில் விளையாடும் ஒருவரின் ஒரு சீசன் முழுவதும் என் கம்ப்யூட்டரில் எக்ஸெல் கோப்பாகக் கிடக்கிறது. நடு ஜப்பானில், தோகாய் பகுதியில், வண்டிகளுக்கு உலோக உதிரிபாகம் செய்யும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டமிடல் என் வேலை. எந்த இயந்திரத்தில் என்ன ஓட வேண்டும், யார் எந்த ஷிப்டில் நிற்க வேண்டும், யாராவது வராவிட்டால் யாரைப் போடுவது, இதைத்தான் நாள் பூராவும் பார்க்கிறேன்.

எங்கள் நிறுவனம் உள்ளூர் கிளப் ஒன்றுக்கு சின்ன அளவில் ஸ்பான்சர். சின்ன அளவு என்றால் நிஜமாகவே சின்ன அளவு: மைதான ஓரத்தில் ஒரு துணிப் பதாகை, அப்புறம் ஆட்டக்காரர் ஒருவருக்கு வேலை. பணமாகக் கொடுப்பதைவிட வேலையாகக் கொடுப்பதுதான் இந்த மட்டத்து கிளப்களுக்கு உபயோகம். காரணம், ஆட்டக்காரர்களுக்கு அங்கே பெரும்பாலும் சம்பளமே கிடையாது, சில கிளப்களில் இவர்கள்தான் மாதச் சந்தா கட்டுகிறார்கள்.

1993-இல் 10 கிளப்களோடு தொடங்கிய ஜே லீகில், அதாவது ஜப்பானின் தொழில்முறைக் கால்பந்து லீகில், இன்று ஜே1, ஜே2, ஜே3 என்ற மூன்று பிரிவுகளிலுமாக 60 கிளப்கள் இருக்கின்றன. அதற்குக் கீழே நான்காம் அடுக்காக ஜேஎஃப்எல் என்ற ஜப்பான் கால்பந்து லீக். அதற்கும் கீழே ஹொக்கைடோவிலிருந்து கியூஷூ வரை 9 வட்டார லீகுகள். நம்ம லெஃப்ட் பேக் (இடது ஓரத்துத் தடுப்பாட்டக்காரர்; பெயர் வேண்டாம், இப்படியே கூப்பிடுகிறேன்) இந்த ஐந்தாம் அடுக்கில் இருந்தார். பல்கலைக்கழக அணியில் ஆடிவிட்டு வந்தவர், வயது இருபத்து மூன்றோ நான்கோ. ஏப்ரலில் சேர்ந்தார், பரிசோதனை மேசையில் போட்டோம். அச்சிலிருந்து வரும் உதிரிகளைக் கையில் எடுத்துத் திருப்பி, விளிம்பில் பிசிறு இருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்க்கும் வேலை. நின்றுகொண்டே பார்க்க வேண்டும். இவர் ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டே பார்ப்பார். கை ஒரு கணக்கில் போகும், கால் இன்னொரு கணக்கில் போகும், பத்து உதிரிக்கு ஒருமுறை கால் மாறும். முதல் வாரம் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் பழகிவிட்டது.

தலைவலி எங்கே ஆரம்பித்தது என்றால், கிளப் பயிற்சி இரவு ஏழு மணிக்கு மேல். எங்கள் பிரிவிலோ வாரம் மாற்றி வாரம் பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட். அவருக்கு இரவு ஷிப்ட் போட முடியாது, ஆக அவருடைய இரவுகளை மற்றவர்கள் தலையில் பிரித்துப் போட்டேன். முணுமுணுப்பு வராமலா இருக்கும்? வந்தது. ஆனால் நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை. இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை வேலை செய்தால் சட்டப்படி 25 சதவீதம் கூடுதல் கூலி, அதனால் வீட்டுக் கடன் கட்டுகிற இரண்டு பேர் எனக்கே போடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நஷ்டம் லெஃப்ட் பேக்குக்குத்தான். ஒரே வேலை, ஒரே மேசை, ஆனால் மாதக் கடைசியில் அவர் கவர்தான் மெலிந்திருக்கும். கால்பந்து ஆடுவதற்கு அவர் கொடுத்த விலை இதுதான் என்று சம்பளப் பட்டியலைப் பார்க்கிற எனக்குத் தெரியும், மைதானத்தில் கை தட்டுகிறவர்களுக்குத் தெரியாது.

ஒருமுறை நானும் ஆட்டம் பார்க்கப் போனேன். நகராட்சியின் செயற்கைப் புல் மைதானம், நுழைவு இலவசம், பார்வையாளர்கள் நூறு பேருக்குக் கொஞ்சம் மேல் இருக்கலாம். எதிரணிக்கு ஒரு மேளத்தோடு இரண்டு ரசிகர்கள். கணுக்கால் உடைந்து உட்கார்ந்திருந்த ஒருவர் கட்டோடு மேசையில் குனிந்து யார் எப்போது இறங்கினார்கள் என்று குறித்துக்கொண்டிருந்தார், அணியில் இடம் கிடைக்காதவர்கள் ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்றார்கள், பந்து பொறுக்கினார்கள். ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் வரிசையாக நின்று குனிந்து வணங்கிவிட்டு, அடுத்த நிமிடமே பதாகைகளைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் நிறுவனப் பதாகையை லெஃப்ட் பேக்கே கழற்றினார். முட்டியில் ரத்தம் உலர்ந்திருக்க, துணியைத் தரையில் விரித்து, காற்றுக் குமிழி போகத் தடவி, நாலாக மடித்து, பெட்டியில் வைத்து மேலே எங்கள் பெயரை எழுதிய சீட்டை ஒட்டினார். மேசையில் உதிரிகளை அடுக்குவதும் இதே கைதான்.

எங்கள் குழுத் தலைவர் ஹமமத்சு ஊர்க்காரர், இந்த விஷயத்தில் அவருக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. அந்த ஊரின் ஹோண்டா எஃப்சி ஜேஎஃப்எல்லில் 2016 முதல் 2019 வரை தொடர்ந்து நான்கு முறை சாம்பியன். பெரிய கிளப், சின்ன கிளப் எல்லாம் ஒன்றாக மோதும் பேரரசர் கோப்பையில், 2019-இல், உராவா ரெட்ஸ் மாதிரி பெரிய ஜே1 கிளப்பையே 2–0 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் மேலே போகமாட்டார்கள், நிறுவன அணியாகவே இருந்துகொள்வார்கள். மேலே போகத் துடிக்கிற அணிகளுக்கெல்லாம் இவர்கள் வாசலில் நிற்கிற காவல்காரர்கள் மாதிரி. மேலே போனவர்கள் கதை வேறு. முன்னாள் தேசிய அணிப் பயிற்சியாளர் தகெஷி ஒகாடா 2014-இல் கையில் எடுத்த எஃப்சி இமபாரி, ஷிகோகு வட்டார லீகிலிருந்து 2017-இல் ஜேஎஃப்எல், 2020-இல் ஜே3, 2025-இல் ஜே2 என்று ஏறிவிட்டது. ஒனகாவா என்ற மீன்பிடி ஊரும் உண்டு. 2011 சுனாமியில் சிதைந்துபோன ஊர். அந்த ஊர் கிளப்பில் மீன் பதப்படுத்தும் ஆலைகளில் வேலை செய்துகொண்டே ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2018-இல் ஜேஎஃப்எல்லுக்குப் போனார்கள், கடைசி இடம் பிடித்துத் திரும்பி வந்தார்கள். லெஃப்ட் பேக்குக்கு இமபாரியைவிட ஒனகாவா கதைதான் பிடிக்கும். ஏன் என்று கேட்டதற்கு, அவர்களுக்கும் திங்கட்கிழமை வேலை இருந்தது என்றார்.

சரி, அக்டோபருக்கு வருகிறேன். எங்கள் கிளப் லீகில் இரண்டாம் இடம். சாம்பியன் ஆகியிருந்தால் நேராக நவம்பரில் நடக்கும் வட்டார சாம்பியன்ஸ் லீகுக்குப் போயிருக்கலாம், அங்கே 12 அணிகள், முதல் சுற்றில் மூன்று நாளில் மூன்று ஆட்டம், அதைத் தாண்டினால்தான் ஜேஎஃப்எல் வாசல். இரண்டாம் இடத்துக்காரர்களுக்கு மிச்சம் இருப்பது ஒரு குறுக்குச் சந்து: வேலைக்குப் போகிறவர்களுக்கான தேசியக் கோப்பை. 32 அணிகள், நாக் அவுட், ஒரு ஆட்டம் 80 நிமிடம். சனிக்கிழமை தொடங்கிப் புதன்கிழமை முடியும், ஐந்து நாளில் ஐந்து ஆட்டம். எழுதும்போதே எனக்குக் கால் வலிக்கிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கான போட்டியை வார நாளில் வைத்தது யார் யோசனை என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

ஜப்பான் சட்டப்படி வேலையில் சேர்ந்து ஆறு மாதம் முடிந்த பிறகுதான் 10 நாள் சம்பள விடுப்பு வரும். ஏப்ரலில் சேர்ந்தவருக்கு அது அக்டோபரில் கையில் கிடைத்தது, கிடைத்த சூட்டோடு விண்ணப்பமும் என் மேசைக்கு வந்தது. திங்கள், செவ்வாய், புதன். அதில் பென்சிலால் ஒரு குறிப்பு: தோற்றால் மறுநாளே வந்துவிடுகிறேன்.

உற்பத்தித் திட்டமிடலில் வாடிக்கையாளர் ஆர்டர் மாறும், இயந்திரம் பழுதாகும், புயல் வந்து லாரி நிற்கும், அதற்கெல்லாம் ஒரு வழி வைத்திருக்கிறோம். ஆட்ட முடிவைப் பொறுத்து ஆள் வருவாரா மாட்டாரா என்று திட்டம் போட எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிரிவு மேலாளர் என்னைக் கூப்பிட்டு, ஜெயிப்பார்களா என்று கேட்டார். பக்கத்து லைனில் பிரேசிலிலிருந்து வந்த ஒரு அம்மா இருக்கிறார், இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, கிளப் ஆட்டத்தை அவ்வப்போது பார்ப்பவர். அவரிடம் போய்க் கேட்டேன். "இரண்டு ஆட்டம் ஜெயிப்பார்கள், மூன்றாவது நாள் கால் நிற்காது" என்று கையிலிருந்த வேலையை விடாமலேயே சொன்னார். நான் அதை நம்பவில்லை, அல்லது நம்ப விரும்பவில்லை. புதன் வரைக்கும் மாற்று ஆள் ஏற்பாடு செய்தேன். வேறு பிரிவிலிருந்து இரவல் வாங்குவது எங்கள் இடத்தில் லேசுப்பட்ட காரியமில்லை, அந்தப் பிரிவுத் தலைவருக்கு இன்றும் நான் கடன்பட்டிருக்கிறேன், அவர் அதை ஞாபகப்படுத்தவும் தவறுவதில்லை.

சனி ஜெயித்தார்கள். ஞாயிறு பெனால்டியில் ஜெயித்தார்கள். திங்கள் காலிறுதி. அதை ஜெயித்து அரையிறுதிக்குப் போயிருந்தால் சாம்பியன்ஸ் லீகின் கதவு கிட்டத்தில் வந்திருக்கும். மதிய இடைவேளையில் நான்கைந்து பேர் ஒரு போனைச் சுற்றி நின்று ஸ்கோர் பார்த்தோம். நேரலை எதுவும் இல்லை, யாரோ எழுத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டு கோல் வாங்கித் தோற்றார்கள். பிரேசில் அம்மா ஒன்றும் சொல்லாமல் டிபன் பெட்டியைக் கழுவப் போனார்.

செவ்வாய் காலை உடற்பயிற்சிப் பாட்டு ஒலிக்கும்போது லெஃப்ட் பேக் வரிசையில் நின்றிருந்தார். இரவோடு இரவாகக் கிளப் வேனில் வந்திருக்கிறார். இரவல் வாங்கிய ஆளும் வந்திருந்தார். ஒருவர் நிற்கிற மேசையில் இரண்டு பேர். திருப்பி அனுப்பினால் அடுத்த முறை தரமாட்டார்கள் என்று இரண்டு பேரையும் அங்கேயே விட்டேன். அன்றைக்குப் பரிசோதனை மேசையில் தேக்கமே இல்லை, மேலாளர் மாலையில் அறிக்கையைப் பார்த்துவிட்டு இதே வேகத்தில் தினமும் முடியாதா என்று கேட்டார். லெஃப்ட் பேக் மட்டும் அன்று இரண்டு காலிலும் சமமாக நின்றார்.

அடுத்த பிப்ரவரியில் அவர் வேறு வட்டாரத்தில் வேறு கிளப்புக்குப் போய்விட்டார். அங்கே முதியோர் இல்லத்தில் வேலை ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறார்களாம். அங்கேயும் யாரோ ஒருவர் ஷிப்ட் போட வேண்டியிருக்கும், அவருக்கு என் அனுதாபங்கள்.

இந்த வருடம் கிளப் எங்களுக்கு ஒரு கோல்கீப்பரை அனுப்பியிருக்கிறது. உதிரிபாகம் செய்யும் அச்சு இயந்திரத்துப் பக்கமே விடக்கூடாது, விரலுக்கு ஏதாவது ஆனால் கிளப்புக்குப் பதில் சொல்ல முடியாது என்று பாதுகாப்புப் பிரிவு கறாராகச் சொல்லிவிட்டது. பரிசோதனை மேசையில் இப்போது ஆள் நிறைவு. பொட்டலம் கட்டும் இடத்தில் போடலாம் என்றால் அங்கே அட்டைப் பெட்டி வெட்டும் கத்தி இருக்கிறது. மேலாளர் இன்னும் முடிவு சொல்லவில்லை, அக்டோபர் விடுப்பு விண்ணப்பம் மட்டும் அதற்குள் வந்துவிட்டது.