வாளித் தண்ணீரில் ஒட்டாவா

எங்களுக்கு ஏ.எல். (உயர்தர) வகுப்பில் புவியியல் படிப்பித்த சேர், கரும்பலகையில் முதலில் ஆற்றைத்தான் வரைவார். நீலச் சோக்கட்டியைப் படுக்கவைத்து இழுப்பார். விரல் அகலத்துக்கு ஆறு வளைந்து வரும். பிறகுதான் மலை, ஊர், பாதை எல்லாம். எங்கள் பள்ளி மலருக்குக் குழுவினர் கட்டுரை கேட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த நீலக் கோடுதான்.

1978இல் ஒரு நாள், கனடாவின் மரத்தொழில் பாடத்துக்கு முதல்நாள், என்னைக் கூப்பிட்டார். "தம்பி, உன்ரை மாமா மரக்காலையிலைதானே வேலை? ரெண்டு துண்டு மரம் கொண்டு வா. ஒண்டு கருங்காலி, மற்றது பைன் பலகை."

மாமா கொழும்பில் கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு மரக்காலையில் கணக்கு எழுதினார். மரத்தூள் வாசம் அவருடைய சட்டையை விட்டுப் போனதே இல்லை. உள்ளங்கையளவு கருங்காலித் துண்டொன்றைப் பேப்பரில் சுற்றித் தந்து, "கவனம், திருப்பிக் கொண்டுவந்து தா" என்றார். மற்றது, கப்பலில் சாமான் வந்த பெட்டியொன்றில் கழற்றிய பைன் பலகை.

அடுத்த நாள் மேசைமேல் ஒரு வாளி தண்ணீர். கருங்காலியைச் சேர் தண்ணீரில் விட்டார். நேரே அடியில் போய் 'டொக்' என்று தட்டியது. பைன் துண்டு மிதந்தது. வாளியைச் சுற்றி நின்ற எங்களைப் பார்த்து, "இந்த மிதப்பிலைதான் ஒரு ஊரே எழும்பினது" என்றார்.

அந்த ஊர் ஒட்டாவா. 1800இல் பிலிமோன் ரைட் என்பவர் மசாசூசெட்சிலிருந்து சில குடும்பங்களைக் கூட்டிவந்து, ஒட்டாவா ஆற்றின், இன்று ஹல் என்கிற கரையில் குடியேறினார். விவசாயம்தான் எண்ணம். கையிலிருந்த காசு கரைந்தபோது, சுற்றிவர நின்ற பைன் மரங்களை வெட்டித் தெப்பமாகக் கட்டி 1806இல் கியூபெக் நகருக்கு ஓட்டிப் போனார். போய்ச்சேர இரண்டு மாதம். அந்தத் தெப்பத்தின் பெயர் 'கொலம்போ'. ஆங்கிலத்தில் எழுதினால் நம் கொழும்புக்கும் அதற்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். இதைச் சேர் சொல்லவில்லை. ஒட்டாவாவுக்கு வந்தபிறகு ஓர் இரவு நானே வாசித்தேன். அன்று நித்திரை வரவில்லை.

அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பாவின் வணிகத்தைப் பிரித்தானியாவுக்கு நெப்போலியன் அடைத்தார். பால்டிக் கரை மரத்தை நம்பியிருந்த பிரித்தானியக் கப்பற்படை கனடாப் பக்கம் திரும்பியது. அங்கிருந்து மரத்தொழிலுக்கு ஏற்றம்தான். அந்த ஆற்றின் சோடியர் நீர்வீழ்ச்சியில் மரம் அடிபட்டு உடையாமலிருக்க, 1829இல் ரைட்டின் மகன் ஒரு மரச்சறுக்குக் கட்டினார். எதிர்க்கரையில், கால்வாய் வேலைக்காக உருவான பைடவுன் 1855இல் ஒட்டாவா என்று பெயர் மாறி, பிறகு கனடாவின் தலைநகரும் ஆனது.

சேர் ஆசையாகச் சொன்னவை வேறு. ஒவ்வொரு முதலாளியும் தன் மரத்தின் நுனியில் சுத்தியலால் ஒரு குறி அடிப்பார். "டோபி உங்கடை சேட்டிலை குறி போடுற மாதிரி" என்பார் சேர். எல்லார் மரமும் ஆற்றில் கலந்து வந்து கீழே மிதவை வேலியில் தங்கும்; குறி பார்த்துப் பிரிப்பார்கள். தெப்பத்தின் நடுவே மணல் பரப்பி அடுப்பு மூட்டுவார்கள். பனி உருகி ஆறு பெருகும் காலத்தில், ஆணி வைத்த சப்பாத்தோடு மரத்துக்கு மரம் தாவிய ஆட்களில் பலர் வீடு திரும்பவில்லை. அதைச் சொல்லும்போது சேரின் குரல் தாழும்.

நல்ல பைன் தீரத் தீர, வெட்டும் இடம் ஆற்றின் மேல்பக்கமாகத் தள்ளிப் போனது. 1900 ஏப்ரல் 26 அன்று ஹல்லில் ஒரு வீட்டுப் புகைபோக்கியில் பிடித்த தீ, பலகை அடுக்குகளில் ஏறி, ஆற்றைத் தாண்டி ஒட்டாவாவையும் எரித்தது. சுமார் 15,000 பேர் வீடிழந்தார்கள். ஜே.ஆர். பூத் என்ற பெரிய ஆலைக்காரரின் கடைசித் தெப்பம் 1908இல் போனது. அதன்பின் மரம் மேன்மேலும் கடதாசிக் கூழுக்குப் போனது.

அன்று பாடம் அதோடு முடியவில்லை. சேர் ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்தார். நம் நாட்டுச் சிங்கராஜா வனத்தில் ஒட்டுப்பலகைக்காக 1972இல் தொடங்கிய மரவெட்டு, எதிர்ப்பு வலுத்து 1977இல்தான் நின்றிருந்தது. "இது சோதினைக்கு வராது தம்பிமார். ஆனா வாசியுங்கோ" என்று கைமாற்றிவிட்டார். 1988இல் அந்தக் காடு உலக மரபுரிமை ஆனபோது நான் ஒட்டாவாவில் இருந்தேன். அந்தத் துண்டில் பட்டிருந்த சோக்குத்தூள்கூட ஞாபகம் வந்தது.

83 கலவரத்துக்குப் பிறகு எங்கெங்கோ சிதறினோம். எனக்கு வாய்த்தது சேர் வரைந்த அதே ஆற்றங்கரை. 80களின் கடைசியில், அதில் வந்து கலக்கும் கட்டினோ ஆற்றில் மரங்கள் இன்னும் மிதந்து வந்தன. பாலத்தடியில் காரை நிறுத்திவிட்டு, குளிரில் விரல் விறைக்கும்வரை பார்த்து நின்றிருக்கிறேன். சில ஆண்டுகளில் அதுவும் நின்றது. சோடியர் தீவுகளில் ஆலைகள் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிகள் எழும்பியிருக்கின்றன.

ஆற்றின் அடியில் அமிழ்ந்து கிடந்த பழைய மரங்களை எடுத்து, உலர்த்தி, அறுத்து விற்பவர்கள் இங்கே உண்டு. 2009இல் கொழும்புக்குப் போனபோது அப்படியொரு பைன் துண்டைக் கொண்டுபோனேன். வெள்ளவத்தையில் மகளோடு இருந்த சேருக்குக் கண் நன்றாக மங்கியிருந்தது. துண்டைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார், மணந்து பார்த்தார்.

"ஆத்துக்கு அடியில கிடந்ததோ?"

"ஓம் சேர். நூறு வருசத்துக்கு மேல இருக்கும்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டார். "பிள்ளை, ஒரு வாளியிலை தண்ணி கொண்டு வா."

துண்டை அவர் கையாலேயே விட்டார். ஒரு பக்கம் சாய்ந்தபடி மிதந்தது. அது மேலே நிற்கிறதா என்று விரல் வைத்துத் தொட்டுப் பார்த்தார்.