தார் முடியும் இடம்

பிப்ரவரி 2

விடிவதற்கு முன்பே ஆஸ்திரேலியாவின் லேவர்டனிலிருந்து, அங்கே லாரி ஓட்டும் மகன் அழைத்தான். மூன்று இழுவைப் பெட்டிகளிலும் சரக்கு ஏற்றியாகிவிட்டது என்றும், எண்ணெய் நிரப்பியதும் புறப்படப் போவதாகவும், இனி வார்பர்ட்டன் போய்ச் சேர்ந்த பிறகுதான் பேச முடியும் என்றும் சொன்னான். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 560 கிலோமீட்டர். நடுவில் ஜூகயிர்லா என்ற சாலையோரத் தங்குமிடத்தை விட்டால் நின்று இளைப்பாற இடமில்லை. வழியில் பெரும்பகுதிக்குத் தொலைபேசி அலைவரிசையும் கிடையாது. மேற்கு ஆஸ்திரேலியாவின் நேரமும் நம் மலேசிய நேரமும் ஒன்றாக இருப்பது எனக்கு ஓர் ஆறுதல். இங்கே நான் பசியாறும்போது அவனும் எங்கேயோ வண்டியை ஓரங்கட்டிப் பசியாறுவான் என்று நினைத்துக்கொள்ளலாம்.

அந்த மண்சாலைக்குப் பகுதி பகுதியாகத் தார் போட்டு வருகிறார்கள். “தார் எங்கே முடிகிறது?” என்று கேட்டேன்.

“போன தடவை சொன்ன அதே இடம்தான், அப்பா” என்றான்.

பிப்ரவரி 3

அழைப்பு வரவில்லை.

பிப்ரவரி 4

பிற்பகலில் பேசினான். இரண்டு டயர்கள் போய்விட்டன. கல் குத்தியது ஒன்று, சூட்டில் வெடித்தது ஒன்று.

நெளிவுகள் இம்முறை மிக மோசம் என்கிறான். தகரக் கூரையைப் பெயர்த்துச் சாலையில் விரித்தாற்போல் மண் குறுக்குவாட்டில் அலையலையாக எழுந்து நிற்கிறது. அதன்மேல் மணிக்கணக்கில் ஓடினால் போல்ட்டுகள் தளர்கின்றன, ஸ்பிரிங் தகடுகள் முறிகின்றன, மின்கம்பிகள் கழல்கின்றன. கிரேடர் வந்து வழித்துவிட்டுப் போன கொஞ்ச நாளிலேயே நெளிவு மறுபடி எழும்பிவிடுகிறது என்பதுதான் ஓட்டுநர்களின் பெரிய ஆற்றாமை. இதைப் பற்றி 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வைத் தேடிப் படித்தேன். சுழலும் வட்ட மேடையில் மணலைப் பரப்பி, அதன்மேல் சிறு சக்கரம் ஒன்றை உருளவிட்டிருக்கிறார்கள். சக்கரத்துக்கு ஸ்பிரிங் இல்லாதபோதும் நெளிவுகள் உண்டாயின. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே ஓடியபோது மட்டும் மணல் சமமாகக் கிடந்தது. உண்மையான சாலையில் அது மிகக் குறைந்த வேகம். சரக்கேற்றிக்கொண்டு அந்த வேகத்தில் பாலைவனத்தைக் கடக்க யாராலும் முடியாது. ஆகவே எத்தனை முறை கிரேடர் ஓட்டினாலும் நெளிவு திரும்பத்தான் செய்யும். மேற்பரப்பைக் கட்டிப்போடும் தார் வந்தால்தான் அது ஓயும்.

பிப்ரவரி 8

ஓட்டுநர்களின் புலன (வாட்ஸ்அப்) குழுவில் வருபவற்றை மகன் எனக்கு அனுப்பிவைக்கிறான். கல்கூர்லிக்காரர் சிலர், பஞ்சாபிலிருந்து போய்க் குடியேறியவர் ஒருவர், வார்பர்ட்டன் மண்ணிலேயே பிறந்த பூர்வகுடிப் பெரியவர் ஒருவர் என்று அதில் பல வகையினர் இருக்கிறார்கள். யார் அந்த வழியே போனாலும், லேவர்டனிலிருந்து கணக்கிட்ட கிலோமீட்டரைக் குறித்து, கண்டதை ஒரே வரியில் எழுதிவிடுவது அவர்களுடைய வழக்கம்: இங்கே அளவுக் குச்சிகள் நட்டிருக்கின்றன, இங்கே சரளை கொட்டியிருக்கிறது, இங்கே தண்ணீர் லாரி நிற்கிறது, இங்கே ரோலர் ஓடுகிறது.

அவற்றை நான் ஒரு நீளமான கணக்குப் புத்தகத்தில் பதிந்து வருகிறேன். இடது ஓரத்தில் லேவர்டன், வலது ஓரத்தில் வார்பர்ட்டன், நடுவில் ஒரு கோடு. குச்சிக்குப் பென்சில், சரளைக்கு நீல மை, தாருக்குக் கறுப்பு மை. நீலம் நன்றாக முன்னேறியிருக்கிறது. கறுப்பு நகரவில்லை.

பிப்ரவரி 13

வேலை ஏன் இப்படி இழுத்துக்கொண்டே போகிறது என்று கேட்டால், தண்ணீர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறான். பாலைவனத்தில் மழைநீர் அரித்துவிடுமோ என்ற கவலையைத்தான் சொல்கிறான் என்று நினைத்துவிடக் கூடாது; சாலை போடுவதற்கே தண்ணீர் வேண்டும். அடித்தளச் சரளையில் சரியான அளவு ஈரம் இருந்தால்தான் ரோலர் ஓடும்போது கல்லும் மண்ணும் ஒன்றோடொன்று இறுகும். ஈரம் குறைந்தால் பொடியாகவே கிடக்கும், கூடினால் குழைந்துவிடும். அந்த ஈரத்தைக் கொடுப்பதற்கு ஆழ்துளைக் கிணறு தோண்டி நீர் கண்டுபிடிக்க வேண்டும். கிடைக்கும் நீர் பல இடங்களில் உப்பாக இருக்கிறது. நல்ல நீர் கிடைத்தாலும் அதை லாரியில் ஏற்றி வெகுதூரம் கொண்டுவந்து தெளிப்பதற்குள் வெயில் பாதியைக் குடித்துவிடுகிறது. சரளை எடுக்கப் புதிதாக ஓர் இடத்தைத் தோண்டுவதானால், அங்கே தங்கள் முன்னோரின் புனிதத் தலம் ஏதும் இல்லை என்று அங்குள்ள பூர்வகுடிகளான ஞான்யத்யாரா மக்கள் பார்த்துச் சொன்ன பிறகே மண்வெட்டியைத் தொடலாம். இதற்கும் காலம் பிடிக்கிறது. அது அவர்களுடைய மண் என்பதால் இந்தத் தாமதத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

நம் பக்கத்தில் நிலைமை நேர்மாறு. பந்திங்கிலிருந்து தைப்பிங் வரை 233 கிலோமீட்டருக்குத் திட்டமிட்டு 2014-இல் வேலை தொடங்கிய மேற்குக் கரை விரைவுச்சாலை, என் ஊரான பெஸ்தாரி ஜெயாவிலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் வழியில்தான் இருக்கிறது. கடலோரக் களிமண்ணில் நீர் நிறைந்து கிடக்கும். அத்தகைய மண்ணில் வடிகால் பட்டைகளைச் செங்குத்தாக இறக்கி, மேலே மண்ணைக் குவித்துப் பாரமேற்றி, உள்ளே உள்ள நீர் பிழியப்பட்டு நிலம் அமிழ்ந்து அடங்கும்வரை மாதக்கணக்கில் காத்திருந்த பிறகே தாரைப் பற்றிப் பேச முடியும். நீர் வெளியேறுவதற்காகக் காத்திருக்கும் மண்ணில் உட்கார்ந்துகொண்டு, நீர் வந்துசேர்வதற்காகக் காத்திருக்கும் மண்ணைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 14

அவன் அம்மா சாலையைப் பற்றிக் கேட்பதே இல்லை. சாப்பிட்டானா என்று மட்டும் கேட்கிறாள்.

பிப்ரவரி 19

வடக்கே கரையேறிய புயல் வலுவிழந்து உள்நாட்டுக்குள் நுழைந்திருக்கிறது. பாலைவனத்தில் மழை. சாலையை எல்லா வண்டிகளுக்கும் மூடிவிட்டார்கள். மகன் லேவர்டனில் நிற்கிறான்.

பிப்ரவரி 21

இன்னும் திறக்கவில்லை.

மூடுவது சரிதான் என்பதைத் தோட்டத்தில் லாரி ஓட்டிய எவரும் ஒப்புக்கொள்வார்கள். நான் செம்பனைக் குலை ஏற்றிய காலத்தில், நல்ல மழை பெய்தால் நிர்வாகத்தார் செம்மண் சாலையின் குறுக்கே சங்கிலியைக் கட்டிவிடுவார்கள். ஈரமண்ணில் ஒரே ஒரு லாரி போனாலும் முழங்கால் ஆழத்துக்குத் தடம் விழும். அது காய்ந்துவிட்டால் கல்லாக இறுகி, அடுத்து வரும் ஒவ்வொரு வண்டியின் அச்சையும் பதம் பார்க்கும். ஆனால் வெட்டிய குலை காத்திருக்காது. ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் பழத்தில் அமிலம் ஏறிவிடும், எண்ணெயின் தரம் இறங்கிவிடும், அதற்கான கேள்வி கடைசியில் ஓட்டுநரிடம் வரும். சங்கிலிக்கு இந்தப் பக்கம் லாரியிலேயே உட்கார்ந்து, குலைகளின் மேல் மழை கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்த இரவுகள் எனக்கு உண்டு. இன்று மகன் அப்படி உட்கார்ந்திருக்கிறான்.

பிப்ரவரி 24

கடையில் ஒருவர், மனிதர்களே இல்லாத பாலைவனத்தில் எதற்குத் தார்ச்சாலை என்று கேட்டார். எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. வார்பர்ட்டனில் மனிதர்கள் இருக்கிறார்கள், வாரகர்னாவில் இருக்கிறார்கள், குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அவர்களுடைய கடைக்கு அரிசியும் மாவும் குழந்தைகளுக்கான பால்மாவும் இந்தச் சாலை வழியாகத்தான் போகின்றன. என் மகன்தான் கொண்டுபோகிறான். சாலை மூடியிருக்கும் ஒவ்வொரு நாளும் அந்தக் கடையின் அலமாரி காலியாகிறது. உயிருக்கு ஆபத்தென்றால் விமானம் வந்து நோயாளியைத் தூக்கிச் செல்லும். 1928-இலிருந்து அந்த நாட்டில் பறக்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அரிசி மூட்டைக்கு விமானம் வராது.

தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நம்மவர்களைப் பற்றியும், அந்த மக்களுக்கு எதற்குச் சாலை என்று ஒரு காலத்தில் கேட்டிருக்கிறார்கள். நம்மவர் வாயிலிருந்தே அந்தக் கேள்வி வரக் கூடாது.

பிப்ரவரி 26

திறந்துவிட்டார்கள். புறப்பட்டுவிட்டான்.

மார்ச் 3

இரவு தூக்கம் வராததால் பழைய சாலைகளின் கதைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். 1955 முதல் 1958 வரை லென் பீடல் என்ற நில அளவையாளர் ஒரு சிறு குழுவையும் ஒரு புல்டோசரையும் ஒரு கிரேடரையும் வைத்துக்கொண்டு அந்தப் பாலைவனத்தின் நடுவே கன்பேரல் நெடுஞ்சாலையை வெட்டினார். ராக்கெட் சோதனைக்காக வெட்டிய தடம் அது. ஊர் மக்களுக்காக வெட்டியதன்று. தெற்கே மேற்கையும் கிழக்கையும் இணைக்கும் ஏர் நெடுஞ்சாலை முழுவதும் தார் கண்டது 1976-இல். நாட்டை வடக்கு தெற்காகப் பிளந்து செல்லும் ஸ்டுவர்ட் நெடுஞ்சாலைக்கு 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1987-இல் நான் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அத்தனை பெரிய நாட்டின் நடுச்சாலையில் ஒரு பகுதி அந்த ஆண்டு வரை மண்ணாகக் கிடந்திருக்கிறது என்பது நம்பமுடியாததாக இருக்கிறது. ஆனாலும் அது முடிந்தது. இதுவும் முடியும்.

மார்ச் 9

தார் போடுவதைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறான்!

நம் ஊரில் போடுவதைப்போலக் கலவையைக் கனமாகக் கொட்டிப் பரப்பவில்லை. நீண்ட குழாய் பொருத்திய லாரி ஒன்று மெதுவாக நகர, குழாயின் துளைகளிலிருந்து சூடான தார் விசிறி விசிறியாக இறங்கி, செம்மண்மேல் ஒரே அகலத்தில் பளபளவென்று படிகிறது. விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல நேராக இருக்கிறது. தார் ஆறுவதற்குள் அடுத்த லாரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்புறமாகவே ஏறிவருகிறது. தான் கொட்டும் ஜல்லியின் மேலேயே அது ஓடுவதால் அதன் சக்கரம் தாரைத் தொடுவதில்லை. பிறகு ரப்பர்ச் சக்கர ரோலர் போகவும் வரவுமாக ஜல்லியை அழுத்துகிறது. பிறகு இன்னொரு பூச்சு, இன்னும் சிறிய ஜல்லி. கனம் மிகக் குறைவு. கீழே இறுகிய சரளைதான் பாரத்தைத் தாங்குகிறது, தார் அதன்மேல் நீர் புகாமல் மூடும் தோல் மட்டுமே. அந்தத் தண்ணீர் லாரிகள் அத்தனையும் எதற்காக ஓடின என்பது இதைப் பார்த்தபோது கண்முன் விளங்கியது.

படத்தை மனைவியிடம் காட்டினேன். முழுவதும் பார்த்தாள்.

மார்ச் 10

கறுப்பு மை நகர்ந்தது.

மார்ச் 16

லேவர்டனில் தொடங்கிக் குயின்ஸ்லாந்தின் வின்டன் வரை ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் போகும், மகன் ஓட்டும் சாலையும் அடங்கிய அந்தப் பாதையில், தார் காணாமல் எஞ்சியிருந்த சுமார் 1,000 கிலோமீட்டருக்காக 2022-ஆம் ஆண்டின் மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் 67.8 கோடி ஆஸ்திரேலிய டாலர் அறிவித்தார்கள். பத்தாண்டுகளில் பிரித்துச் செலவிடும் பணம். பத்தாண்டு என்பது அறிக்கை எழுதுபவருக்கு ஒரு வரி. ஓட்டுநருக்கு அது முதுகெலும்பு. மகன் இப்போதே இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டுதான் வண்டி ஏறுகிறான்.

மார்ச் 21

திரும்பி வரும் வழியில் நேற்று மாலையே லேவர்டன் வந்திருக்க வேண்டும். வரவில்லை. குழுவிலும் ஒன்றும் இல்லை. சாலை மூடியதாக அறிவிப்பும் இல்லை. வண்டியில் செயற்கைக்கோள் தொலைபேசி இருக்கிறது. ஆனால் அவசரத்துக்கு மட்டும்தான் அதைத் தொடுவான். ஆகவே அதில் அழைப்பு வராததை நல்லதற்கு என்றும் எடுத்துக்கொள்ளலாம், அழைக்க முடியாத நிலையில் இருக்கிறான் என்றும் எடுத்துக்கொள்ளலாம். காலையிலிருந்து இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து அல்லாடுகிறேன். டயர் வெடித்திருக்கலாம். ஒட்டகம் குறுக்கே வந்திருக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுமை தூக்கக் கொண்டுவந்த ஒட்டகங்களின் வாரிசுகள் இன்று காட்டு மந்தைகளாகத் திரிகின்றன, இரவில் விளக்கு வெளிச்சத்தைக் கண்டாலும் விலகுவதில்லை என்று அவனே சொல்லியிருக்கிறான். 53.5 மீட்டர் நீளமுள்ள வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. மனைவி மாரியம்மன் கோயிலுக்குப் போய்வந்தாள். இன்று அவளும் சாப்பிட்டானா என்று கேட்கவில்லை.

மார்ச் 22

பேசிவிட்டான். நலமாக இருக்கிறான்.

முன்னே போன வேறொரு லாரியின் கடைசி இழுவை கவிழ்ந்து கிடந்ததாம். உதவி வந்துசேரும்வரை அந்த ஓட்டுநரோடு இருந்திருக்கிறான். அங்கே யாரும் யாரையும் விட்டுவிட்டுப் போவதில்லை. அவருக்குத் தோள்பட்டையில் அடி, உயிருக்கு ஆபத்தில்லை. அப்பா, நடந்தது எந்த இடம் தெரியுமா என்று கேட்டான். அவன் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

மார்ச் 23

தார் முடியும் இடம். வழவழப்பான பரப்பில் வேகமெடுத்து வரும் வண்டி, ஒரே நொடியில் சரளைக்குள் இறங்குகிறது. முன்சக்கரம் மண்ணில் மிதக்கும்போது பின்னால் உள்ள பாரம் இன்னும் தாரின் வேகத்திலேயே தள்ளிக்கொண்டு வருகிறது. தார் நீண்டுகொண்டே போவதால் அந்த இடமும் நகர்ந்துகொண்டே போகிறது. மனப்பாடமாக வழி தெரிந்த ஓட்டுநருக்கும் அது ஒவ்வொரு முறையும் புதிய இடம். ஓட்டுநர்கள் கிலோமீட்டர் எண்ணை இத்தனை கவனமாக ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வது இதற்காகத்தான். எச்சரிக்கைப் பலகையோ பழைய முடிவிலேயே நின்றிருக்கிறது. தாருடன் சேர்த்து அதை நகர்த்தவில்லை. இருட்டில் வருபவர் பலகையைத் தாண்டியும் தார் தொடர்வதைப் பார்த்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று நம்பித்தானே மிதிப்பார்! வேலை செய்து முடித்தவர்களுக்கு ஒரு பலகையைப் பிடுங்கி நடுவதற்கு நேரமில்லாமல் போனதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மார்ச் 24

ஓட்டுநர்கள் எல்லாரும் சேர்ந்து எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறார்கள். மகனும் கையெழுத்திட்டிருக்கிறான்.

மார்ச் 31

பலகையைப் புதிய முடிவுக்கு முன்னாலேயே நட்டுவிட்டார்கள். வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லும் இரண்டு பலகைகளையும் கூடுதலாக வைத்திருக்கிறார்கள். பஞ்சாபிக்காரர் மூன்றையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். கணக்குப் புத்தகத்தில் பலகைக்கென்று சிவப்பு மையைச் சேர்த்துக்கொண்டேன்.

ஏப்ரல் 5

கிணறு தோண்டும் இயந்திரம் ஒன்று நேற்று லேவர்டனைக் கடந்து கிழக்கே போனதாகக் குழுவில் எழுதியிருக்கிறார்கள். அடுத்த பகுதிக்குத் தண்ணீர் தேடுகிறார்கள் என்று தெரிகிறது. எந்தக் கிலோமீட்டரில் இறக்கினார்கள் என்பதை, நாளை இரவு சரக்கேற்றிப் போகும் மகன் பார்த்துச் சொல்ல வேண்டும்.