வலப்பக்கம் எத்தனை இழுப்பு? கடல்விமான ரேட்டிங் தேர்வில் ஒருமுறை தோற்ற அனுபவம்

போன வாரம் கடல்விமான ரேட்டிங், அதாவது தண்ணீரில் ஏறி இறங்கும் விமானத்தை ஓட்ட விமானி உரிமத்தில் சேர்க்கும் அனுமதி, கைக்கு வந்துவிட்டது, இரண்டாவது முயற்சியில். முதல் முயற்சியில் நான் விமானத்துக்குள் கால்கூட வைக்கவில்லை.

அமெரிக்காவில் இதற்கு எழுத்துத் தேர்வு இல்லை. வாய்மொழி, அப்புறம் பறத்தல். அதனால் எல்லோரும் அலையில்லாத கண்ணாடித் தண்ணீரில் இறங்குவதையே உருப்போடுவோம். நானும்தான்.

ஃபுளோரிடாவில் ஒரு ஏரி. விமானம் தண்ணீரில் மிதப்பது ஃப்ளோட் எனும் இரண்டு மிதவைகளின் மேல்; ஒவ்வொன்றும் உள்ளே பல அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். படகுத்துறைப் பக்கமிருந்த இடது ஃப்ளோட்டில் ஒவ்வொரு அறையின் ரப்பர் அடைப்பானையும் பிடுங்கி, கைப்பம்பு வைத்துத் தண்ணீர் இறைத்தேன். வலது ஃப்ளோட் ஏரிப் பக்கம். விமானத்தைத் திருப்பிக் கட்டினால்தான் கை எட்டும். காலையில் வந்த மாணவர் இறைத்திருப்பார் என்று நானாகவே முடிவுகட்டி, கயிற்றை அவிழ்க்கக் குனிந்தேன். "வலப்பக்கம் எத்தனை இழுப்பு?" என்றார் தேர்வாளர். நான் விழித்தேன். திருப்பிக் கட்டி அவரே இறைத்தார். கடைசி அறையிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அன்றைய தேர்வு அதோடு சரி.

ராத்திரி குளச்சலுக்குப் போன் போட்டேன். "மக்களே, வள்ளத்துல தண்ணி கெடந்தா கோராமலா கடலுக்குப் போவோம்? சின்னதுல நீயே கோரியிருக்கேல்லா?" என்றார் அப்பா. தேர்வாளர் கேட்டதைவிட இது சுருக்கென்றது.

சரி, போகிறவர்களுக்கு:

- இழுப்புகளை எண்ணி எழுதுங்கள். நேற்று 5, இன்று 30 என்றால் எங்கோ ஒழுகுகிறது. ஒரு லிட்டர் ஒரு கிலோ. பின் அறையில் 20 லிட்டர் கிடந்தால் வால் கனத்து, எடைச் சமநிலைக் கணக்கே பொய்யாகிவிடும்.
- "விமானத்தைத் தாங்கத் தேவையானதைவிட ஃப்ளோட்டுக்கு 80 சதவீதம் கூடுதல் மிதப்பு உண்டே, கொஞ்சம் தண்ணீர் இருந்தால் என்ன" என்று வாதாடாதீர்கள். நான் வாதாடினேன்.
- தண்ணீரில் பிரேக் கிடையாது. என்ஜின் பிடித்ததும் விமானம் நகரும். பார்க்க வேண்டியதைக் கட்டியிருக்கும்போதே பாருங்கள்.
- சக்கரமும் உள்ள ஃப்ளோட் என்றால், தண்ணீரில் இறங்கும்போது சக்கரம் மேலே இருக்கிறதா என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கீழே இருந்தால் குப்புறக் கவிழும்.

விபத்து அறிக்கைகளையும் படியுங்கள். 2017 டிசம்பர் 31 அன்று சிட்னி அருகே பீவர் ரகக் கடல்விமானம் ஒன்று விழுந்து 6 பேர் இறந்தார்கள். புகைக்குழாயில் விரிசல், என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலிருக்கும் தடுப்பில் 3 போல்ட் இல்லை. அந்த வழியாகக் கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்து விமானியை மயக்கியிருக்கிறது. 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் விட்பி தீவருகே ஆட்டர் ரகக் கடல்விமானம் ஒன்று விழுந்து 10 பேர் இறந்தார்கள். விமானத்தின் மூக்கு ஏறாமல் இறங்காமல் சமன்படுத்தும், வாலின் டிரிம் கருவியில் ஒரு பூட்டு வளையம் இல்லாததால் நட்டு கழன்றிருக்கிறது. இவை இரண்டும் சுற்றிவந்து பார்க்கும் விமானியின் கண்ணில் படுகிற குறைகள் அல்ல, பராமரிப்பில் பிடிக்க வேண்டியவை. அதனால்தான் எனக்கு என்மேல் அவ்வளவு எரிச்சல். என் குறை கையெட்டும் தூரத்தில் இருந்தது.

தேறிய பகுதிகள் 60 நாள் செல்லும். நான் அவ்வளவு பொறுக்கவில்லை, மறுநாளே போனேன். முதலில் விமானத்தைத் திருப்பிக் கட்டி, வலது ஃப்ளோட்டிலிருந்து தொடங்கினேன். கடைசி அறையில் 4 இழுப்பு.