மணியின் பாதமும் ரோட்டு உப்பும்

நடைபாதையின் நடுவில் என் நாய் மணி நின்றுவிட்டான். முன்னங்கால் ஒன்றைத் தூக்கினான், அதை ஊன்றிவிட்டு மற்றதைத் தூக்கினான், அப்புறம் அப்படியே உட்கார்ந்து முனக ஆரம்பித்தான். குனிந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். விரலிடுக்கெல்லாம் கல் கல்லாக உப்பு. சதை வெடித்துச் சிவந்திருந்தது.

தூத்துக்குடியில் பிறந்தவளுக்கு உப்பை யாரும் அடையாளம் காட்ட வேண்டியதில்லை. ஆனால் அது தெருவில் இறைந்து கிடப்பதை நான் பார்த்தது டொராண்டோவின் ஸ்கார்பரோவுக்கு வந்த பிறகுதான். எங்கள் வீட்டில் ஒரு கல் உப்பு தரையில் விழுந்தாலும் அம்மா பொறுக்கி எடுத்துவிடுவாள். காலில் பட்டுவிடக் கூடாது. இங்கே ஊரே அதன்மேல்தான் நடக்கிறது. இந்த ஒன்டாரியோ மாகாணத்தின் கோட்ரிச் என்ற ஊரில், ஹூரான் ஏரிக்கு அடியில், சுமார் 550 மீட்டர் ஆழத்தில், உலகத்திலேயே பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இருக்கிறது. அங்கே வெட்டி எடுப்பதில் பெரும்பங்கு பனிக்காலச் சாலைகளில் உறைந்த பனியை உருக்கத்தான் போகிறது.

குளிர் மைனஸ் பத்துக்குக் கீழே போனால் சாதா உப்பு சரியாக வேலை செய்யாது. அதனால் கால்சியம் குளோரைடும் சேர்க்கிறார்கள். அது ஈரம் பட்டதும் சூட்டைக் கக்கும். நாயின் பாதத்தில் ஏற்கெனவே வெடிப்பு இருந்தால் கேட்கவே வேண்டாம். வலிக்கிறதே என்று அது நக்கும். உப்பு வயிற்றுக்குள் போய் வாந்தியும் அடங்காத தாகமும் வரும்.

இப்போது வெளியே கிளம்பும் முன் மணியின் பாதங்களில் மெழுகு தடவுகிறேன். விரல்களுக்கு நடுவே முடி வளர்ந்தால் பனி உருண்டை கட்டிக்கொள்ளும், அதைக் கத்தரித்துவிட வேண்டும். குட்டை முடி நாய் என்பதால் மேலே ஒரு கோட்டு. மைனஸ் இருபது என்றால் வெளிக்குப் போனதும் திரும்பிவிடுவோம். ரப்பர் ஷூ முதன்முதலாகப் போட்ட அன்று அவன் ஒவ்வொரு காலையும் வயிறு வரை தூக்கித் தூக்கி வைத்து நடந்ததைப் பார்த்து லிப்டில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். திரும்பி வந்ததும் வாசலிலேயே வெதுவெதுப்பான தண்ணீரில் நான்கு கால்களையும் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய்.

அந்த எண்ணெயைத் தொடும்போதுதான் அம்மாவின் கால் ஞாபகத்துக்கு வரும். அம்மா உப்பு வாரப் போனவள். விடியும் முன்னே அளத்துக்குப் போய், வெயில் ஏறும்வரை உப்புத் தண்ணீரில் நிற்பாள். பாதம் முழுக்க வெடிப்பு. ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து எண்ணெய் தேய்ப்பாள், நான் சிம்னி விளக்கைப் பிடித்துக்கொண்டிருப்பேன். அவளுக்கு ஷூ யாரும் கொடுக்கவில்லை.

இந்த ஊர்க் குளிர் எனக்குப் பழகிவிட்டது. மணிக்கும் பழகிவிட்டது. ஊரிலும் ஒரு மணி இருந்தான். மார்கழிக் குளிரில் அணைந்த அடுப்புச் சாம்பலுக்குள் சுருண்டு கிடப்பான். விடிந்ததும் உடம்பெல்லாம் சாம்பலோடு எழுந்து வந்து அம்மா சேலையில் உரசுவான். மீன் தலை கிடைத்தால் போதும், கயிறு கிடையாது, கோட்டு கிடையாது. ஊரே அவன் வீடு.

எனக்குப் பொறுக்காத ஒன்று இருக்கிறது. எங்கள் அடுக்குமாடி நிர்வாகம் பனியே இல்லாத நாளிலும், காய்ந்த சிமெண்டின்மேல் உப்பைக் குவியலாகக் கொட்டுகிறது. வயதானவர்கள் வழுக்கி விழக் கூடாது, அது நியாயம்தான். காய்ந்த தரையில் யார் வழுக்குவார்கள்? ரோட்டு உப்பு சுற்றுச்சூழலுக்கு நஞ்சு என்று கனடா அரசே 2001இல் ஆய்ந்து சொல்லியிருக்கிறது. கரைந்த உப்பெல்லாம் ஓடைக்கும் ஏரிக்கும்தான் போகிறது. போனில் அம்மாவிடம் சொன்னேன். "சும்மாவா கொட்டுதாங்க?" என்று கேட்டவள், கொஞ்ச நேரம் வேறு எதுவும் பேசவில்லை.

பனி உள்ள இடத்தில் மட்டும் போடுங்கள், வாசலருகே மணல் தூவுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை. நாய் வளர்க்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள் சிலர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், சக்கர நாற்காலியில் வரும் பாட்டி ஒருவரும் போட்டிருக்கிறார். அடுத்த குடியிருப்போர் கூட்டத்துக்கு அந்தக் காகிதத்தோடு மணியையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அவன் பாதத்தை அவர்களே திருப்பிப் பார்க்கட்டும்.