கூடைப்பந்துப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுத்தபோது

சேலத்தில் உள்ள எங்கள் மகளிர் கல்லூரிக்குக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் தேவை என்று விளம்பரம் கொடுத்ததும் விண்ணப்பங்கள் குவிந்தன. உடற்கல்வி இயக்குநர் என்ற முறையில் அவற்றைச் சலித்தெடுக்கும் பொறுப்பு எனக்கு. ஒவ்வொன்றிலும் கோப்பையோடு எடுத்த படம், வெற்றிப் பட்டியல். செயலாளர் அந்தப் பட்டியலைத்தான் முதலில் புரட்டினார்.

எனக்கு அதில் உடன்பாடில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் கட்டணமில்லாமல் சேர்த்து, விடுதியும் சாப்பாடும் கொடுத்து மாநில வீராங்கனைகளை வைத்திருக்கும் கல்லூரி யார் பயிற்சி கொடுத்தாலும் ஜெயிக்கும். எங்களிடம் வருபவர்கள் அம்மாபேட்டைத் தறிக்காரர் வீட்டுப் பெண்கள், வாழப்பாடியிலும் ஓமலூரிலும் பஸ் ஏறி வருபவர்கள். பலர் பந்தைத் தொடுவதே முதலாண்டில்தான். அதனால் விண்ணப்பதாரர்களிடம் ஒன்றைத்தான் அழுத்திக் கேட்டேன்: பந்து தட்டக்கூடத் தெரியாமல் உங்களிடம் சேர்ந்த பெண் மூன்றாம் ஆண்டில் எப்படி ஆடினாள்?

பட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் டிப்ளமாவை நான் மதிக்கிறேன். ஆனாலும் இறுதிச் சுற்றுக்கு வந்த ஒவ்வொருவரும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் பயிற்சி கொடுத்துக் காட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். ஒருவர் நின்ற இடத்திலேயே பேசினார். பிள்ளைகள் சிமெண்டுத் தளத்தில் வெயிலில் காய்ந்தார்கள். இன்னொருவர் நன்றாக ஆடும் இரண்டு பேரை மட்டும் வைத்து அழகாக ஓர் ஆட்டமுறையைக் காட்டினார். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

அடுத்து வந்தவர் பந்தைக் கையில் எடுத்ததுமே, "இது ஏழாம் எண் பந்து. பெண்களுக்கு ஆறாம் எண் அல்லவா?" என்று கேட்டார். கிடங்கில் இருந்தவை எல்லாம் ஆண்கள் ஆடும், சற்றுப் பெரிய ஏழாம் எண்தான். பிறகு, ஓடிவந்து எம்பி வளையத்தில் பந்தைப் போடும் லே-அப்பில் திரும்பத் திரும்பத் தடுமாறிய முதலாண்டு மாணவியிடம் போய்ப் பந்தை வாங்கிக் கீழே வைத்தார். "இப்போது பந்து வேண்டாம்மா. வலது கால், இடது கால், எம்பு. அவ்வளவுதான்." முதலில் நடக்கவைத்தார், பின் ஓடவைத்தார், அப்புறம்தான் பந்தைக் கொடுத்தார். அந்த நேரத்தில் மற்றவர்கள் இரண்டிரண்டு பேராகப் பாஸ் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் சும்மா நிற்கவில்லை. பந்து வளையத்தில் விழவில்லை, கால் சரியாக விழுந்தது. அவர் அதற்குத்தான் கைதட்டினார். எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

நேர்காணலில் எல்லோருக்கும் ஒரே கேள்வி வைத்தேன். மூன்றாம் கால்பகுதி தொடங்கும்போதே உங்கள் முதன்மை வீராங்கனைக்கு நான்கு ஃபவுல். ஐந்தானால் வெளியேற வேண்டும். என்ன செய்வீர்கள்? "உட்காரவைப்பேன்", "ஆடவிடுவேன்" என்று சட்டென்று பதில் வந்தது. பந்தின் எண்ணைக் கேட்டவர் மட்டும், "அவளுக்குப் பதில் இறங்கும் பெண்ணுக்கு இதுவரை எவ்வளவு ஆட்டம் கொடுத்திருக்கிறோம்?" என்று கேட்டார்.

பரிந்துரைக் கடிதங்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய மாணவிகளைத் தொலைபேசியில் அழைத்தேன், அதிலும் பெரும்பாலும் மாற்று வீராங்கனைகளாகவே இருந்தவர்களை. காயம்பட்டபோது எப்படி நடந்துகொண்டார்? மாதவிடாய் நாளில் ஓய்வு கேட்க முடிந்ததா? வெளியூர்ப் போட்டிக்குப் பெண் பொறுப்பாளர் உடன் வந்தாரா? பளபளப்பான பட்டியல் வைத்திருந்த ஒருவரைப் பற்றிக் கேட்டதும் இரண்டு மாணவிகள் பேச்சை மாற்றினார்கள். அவருடைய விண்ணப்பத்தை அன்றே ஒதுக்கிவிட்டேன். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்லூரியில் உள்ள உள்ளகப் புகார்க் குழுவின் தலைவரும் தேர்வுக்குழுவில் உட்கார வேண்டும் என்று வாதாடி வாங்கியதும் இதற்காகத்தான். பெண் பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கும் வேலைக்கு இந்த விசாரணை இல்லாமல் ஆள் எடுக்கவே கூடாது.

கடைசியில், பந்தைக் கீழே வைத்துக் காலடி கற்றுக்கொடுத்தவரையே தேர்ந்தெடுத்தோம். சம்பளப் பேச்சு சீக்கிரம் முடிந்தது. ஓராண்டு கழித்துப் பணியை மதிப்பிடும்போது, முதலாண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அணியில் நீடிக்கிறார்கள், எத்தனை பேர் போட்டியில் இறங்கினார்கள் என்பதைத்தான் முதலில் பார்ப்போம் என்று நியமன ஆணையில் எழுதச் சொன்னேன்.

"கோப்பை?" என்றார் செயலாளர்.

"முதல் ஆண்டில் எதிர்பார்க்காதீர்கள் ஐயா" என்றேன்.

ஆணையில் கையெழுத்திட்டார். கூடவே ஆறாம் எண் பந்துகளுக்கான கொள்முதல் கடிதத்தையும் நீட்டினேன், அதிலும் கையெழுத்திட்டார்.