ஈ வலை போட்டுக்கிட்டு மேக்டொனல் மலை பார்த்த கதை

ஆஸ்திரேலியா நடுவுல இருக்குற ஆலிஸ் ஸ்ப்ரிங்ஸ் வரைக்கும் போயிட்டு, உலுருங்கிற அந்தப் பெரிய செம்பாறையைப் பார்க்காம வந்தீங்களான்னு இன்னும் எல்லாரும் திட்டுறாங்க. அது அங்கேருந்து 450 கிலோமீட்டருக்கு மேல, எங்க கையில இருந்தது ரெண்டே நாள். அதனால ஊருக்கு மேற்கால நீளமா போற மேக்டொனல் மலைத்தொடர் மட்டும் போதும்னு முடிவு பண்ணிட்டோம். ஜூலை மாசம், அங்க குளிர்காலம், காலைல கார் கண்ணாடியில சுரண்டி எடுக்குற அளவுக்கு ஐஸ், பாலைவனம்னு நம்பி ஒரே ஒரு ஸ்வெட்டரோட போன என்னை என்ன சொல்ல.

வாடகை கார் கொடுத்தவர் ரெண்டு கண்டிஷன் போட்டார்: மண் ரோட்டுல ஏத்தக்கூடாது, இருட்டினப்புறம் ஓட்டக்கூடாது, கங்காரு குறுக்க வரும்.

முதல்ல சிம்ப்சன்ஸ் கேப். ஆத்துல தண்ணியே இல்ல, வெள்ளை மணல்தான், ஆனா மலை ரெண்டா பிளந்து நிக்குற இடத்துல மட்டும் ஒரு குட்டை. பாறைச் சரிவுல ஒண்ணும் இல்லையேன்னு திரும்பினா ஒரு கல்லு தாவுது! பாறை வாலபி, கங்காருவோட குட்டி சைஸ் சொந்தக்காரன், நிறம் அப்படியே பாறை நிறம்.

ஸ்டாண்ட்லி காஸம் போறதுன்னா உச்சி வெயில்ல போகணும். அந்த இடுக்கு தெக்கு வடக்கா இருக்கு, செவுரு சுமார் 80 மீட்டர் உசரம், அதனால வெயில் உள்ள இறங்குறது மதியம் கொஞ்ச நேரம்தான். இடம் அரெர்ன்டே பழங்குடி மக்களோடது, டிக்கெட்டும் அவங்கதான் கொடுக்குறாங்க. நாங்க போனப்போ ஒரு பக்க செவுரு மட்டும் பழுப்பா இருந்துச்சு, பார்த்துக்கிட்டே இருக்கும்போது வெளிச்சம் மேலேருந்து வழிஞ்சு வந்து, அடுப்புல கங்கு ஊதினா எப்படி செவக்கும் அப்படி செவந்துடுச்சு, அந்த செவப்பு எதிர் செவுத்துல பட்டு அதுவும் செவக்குது, கீழ நிக்குற எங்க வீட்டுக்காரர் மூஞ்சி கூட ஆரஞ்சு கலர்.

எல்லரி க்ரீக்ல அவர் குளிக்கிறேன்னு வீராப்பா இறங்கினார். முழங்கால் நனையறதுக்குள்ள கரைக்கு வந்துட்டார். மலை நிழல்ல கிடக்குற ஆழமான தண்ணி, கோடையிலயே சில்லுன்னு இருக்குமாம். கரையில உக்காந்து புளிசாதம் திறந்தோம் பாருங்க, ஊர் ஈ மொத்தமும் வந்துடுச்சு. மூஞ்சியில வலை போட்டா சாப்பிட முடியாது, கழட்டினா ஈ வாய்க்குள்ள. கடைசில வலைக்குள்ள கையை விட்டு சாப்பிட்டோம், சிரிக்காதீங்க.

முதல் நாள் ஊர்ல ஒரு கேலரியில ஆல்பர்ட் நமத்ஜீரா வரைஞ்ச வாட்டர்கலர் படம் பார்த்தோம். 1902ல பக்கத்து ஹெர்மன்ஸ்பர்க்ல பொறந்த அரெர்ன்டேக்காரர். ஊதா மலை, பால் வெள்ளையில மரம், மனுஷன் கலரை கொஞ்சம் தாராளமா விட்டுட்டார்னு நினைச்சேன். க்ளென் ஹெலன் பக்கம் சாயங்காலம் காரை நிறுத்தி 1380 மீட்டர் சோண்டர் மலையைப் பார்த்தா, அதே ஊதா, முன்னாடி கோஸ்ட் கம்ங்கிற வெள்ளைப் பட்டை மரம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி நிக்குது. அவர் ஒண்ணும் கூட்டிப் போடல.

இருட்டுறதுக்குள்ள ஊருக்கு ஓடி வந்துட்டோம். மறுநாள் காரைத் திருப்பிக் கொடுத்தப்போ சக்கரம் பூரா செம்மண்ணு, மண் ரோட்டுல போனீங்களான்னு ஒரு பார்வை. பார்க்கிங்லயே அவ்ளோ மண்ணு இருந்துச்சு சார்னு சொன்னேன், நம்பின மாதிரி தெரியல.