ஜியோர் பேராலயத்தில் புனித லாஸ்லோ

ஹங்கேரியின் வடமேற்கில் உள்ள ஜியோர் நகரப் பேராலயத்தில், ஹெடெர்வாரி சிற்றாலயத்துக்குள் நுழைந்ததும் முடிசூடிய ஓர் அரசரின் மார்பளவுத் திருவுருவம் நம்மை நேருக்கு நேர் பார்க்கிறது. பொன்முலாம் பூசிய வெள்ளி முகம், அகல விழித்த கண்கள், நீண்ட மீசை, மார்பு முழுதும் எனாமல் வேலைப்பாடு. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்யப்பட்ட இந்தப் பேழைக்குள்தான், 1077 முதல் 1095 வரை நாட்டை ஆண்டு, 1192இல் புனிதர் பட்டம் பெற்ற முதலாம் லாஸ்லோவின் மண்டையோடு திருப்பண்டமாகக் காக்கப்படுகிறது. ஜூன் 27 திருநாளையொட்டி இதை வீதிகளில் பவனியாக எடுத்துச் செல்கிறார்கள்.

1068இல் கெர்லேஷ் போரில், அப்போது இளவரசராக இருந்த லாஸ்லோ, ஒரு பெண்ணைக் குதிரையில் கவர்ந்து சென்ற பகைவீரனைக் காயத்தோடு துரத்திச் சென்று அவளை மீட்டார் என்பது அவரைப் பற்றிய புகழ்பெற்ற கதை. பழைய ஆலயச் சுவரோவியங்கள் பலவற்றில் அந்தப் பெண்ணே கோடரியால் பகைவனின் குதிகால் நரம்பை வெட்டி அவருக்குத் துணைநிற்கிறாள். வாளேந்திய புனிதரிடம் மன்றாடத் தயங்கும் என்னை, இதைவிட நெருங்கவைப்பது வேறொரு மரபு. 1083இல் முதல் அரசர் ஸ்டீபனைப் புனிதராக உயர்த்த அவருடைய கல்லறையைத் திறக்க முயன்றபோது மூடுகல் அசையவே இல்லையாம். அரியணைக்காகப் போராடித் தோற்ற சாலமோனைச் சிறையில் வைத்திருக்கும்வரை அசையாது என்று தவக்கன்னி ஒருத்தி சொல்ல, லாஸ்லோ அவனை விடுவித்த பிறகே கல் எழும்பியதாம். புனிதரை வணங்க வந்த அரசன் முதலில் தன் பகைவனுக்குச் சிறைக்கதவைத் திறக்க வேண்டியிருந்தது!

அதே சிற்றாலயத்தில் ஆயர் வில்மோஷ் ஓபோர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1945ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று, ஆயர் இல்லத்தின் நிலவறையில் தஞ்சம் புகுந்திருந்த பெண்களை இழுத்துச் செல்ல வந்த சோவியத் வீரர்களை அவர் வெறுங்கையோடு தடுத்தார். குண்டடிபட்டு, உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள் ஏப்ரல் 2 அன்று உயிர்நீத்தார். அந்தப் பெண்கள் தப்பினார்கள். 1997இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் நிலைக்கு உயர்த்தினார். லாஸ்லோவின் முன் சொல்லத் தொடங்கிய செபத்தை ஆயரின் கல்லறைக்கு வந்து, போர் நடக்கும் நாடுகளின் பெண்களுக்காகச் சொல்லி முடித்தேன்.